காலணாப் பொட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வந்து, கன்னியம்மா யார் என்று கேட்டிருந்தால் ஒருவரும் சரியாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு கன்னியம்மா. காலணாப் பொட்டு எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். டிக்கெட் வாங்கிப் போடுகிறவர் முதல் வேர்க்கடலை விற்கிறவன் வரை, பிளாட்பாரத்தின் வடக்குக் கோடியில் வேலியோரமாக நிற்கிற ஒரு பெண்பிள்ளையைக் கை காட்டியிருப்பார்கள். கை காட்டவும் வேண்டியதில்லை. அந்த நெற்றி தானாகவே கண்ணில் பட்டுவிடும்.

விரலால் தொட்டு இழுத்த பொட்டு இல்லை அது. பழைய காலணாக் காசின் அகலம், காசின் வட்டம், ஓரம் ஒரு நூல் பிசகாது. காரணம் எளிது. காசை வைத்தேதான் அவள் பொட்டு வைத்துக்கொண்டாள்.

காலணாவை இப்போது யார் பார்த்திருக்கிறார்கள்? கனத்த வெண்கலக் காசு. ஒரு பக்கம் கிரீடம் இல்லாமல் மொட்டைத் தலையும் தாடியுமாக ஒரு வெள்ளைக்கார ராஜா. மறுபக்கம் இங்கிலீஷ் எழுத்தும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு என்ற வருஷமும். அந்த ராஜா செத்து, அவர் மகன் செத்து, வெள்ளைக்காரனே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கப்பலேறிப் போன பிறகும், ராஜா மட்டும் ஆரம்பாக்கத்தில் ஒரு ஓலை வீட்டுத் தகர டப்பாவில் குங்குமத்துக்குள் படுத்துக் கிடந்தார். காலையில் கன்னியம்மா அவரை வெளியே எடுப்பாள். முகத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக் குங்குமத்தில் ஒற்றி, தன் நெற்றியில் வைத்து ஒரு மூச்சு நேரம் அழுத்துவாள். எடுத்தால் சிவப்பு வட்டம் நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்த்து ராஜாவைக் குளிப்பாட்டுவதும் உண்டு.

இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. ‘இம்மாம் பெரிய பொட்டு எதுக்கு, அம்மனுக்கு வேஷம் கட்றியா?’ என்று நடவு வயலில் கேட்பார்கள். கன்னியம்மா காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குப் பெயர் சின்னராசு.

சின்னராசு மண் வெட்டுகிறவன். ஏரி தூர் எடுப்பது, வரப்பு போடுவது, ரயில் பாதைக் கரைக்கு மண் அடிப்பது எல்லாம் அவன் வேலை. கையில் மண்வெட்டி இருந்தால் ஆள் புலி. கண் மட்டும் கொஞ்சம் மட்டம். பத்தடிக்கு அப்பால் நிற்பது மாடா மாமனாரா என்பதைக் குரல் வந்த பிறகுதான் சொல்வான். கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவன் பார்ப்பதைக் கண்டு, புது மாப்பிள்ளைக்கு எப்போதும் கோபம் போலிருக்கிறது என்று கலியாணத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு மண் வெட்டுகிறவனை அந்தக் காலத்தில் யார் கண்டது?

கலியாணமான முதல் கோடையில், ஏரி மண்ணை வெட்டும்போது மண்வெட்டி முனையில் ‘ணங்’கென்று எதுவோ பட்டது. மத்தியானக் கஞ்சிக்கு வீட்டுக்கு வந்தவன் கையை மூடிக்கொண்டே வந்தான்.

“இன்னாய்யா கையில?”

“ராசாவ இட்டாந்துகிறேன் பாரு. கொஞ்சம் புளி குடு.”

புளி போட்டுத் தேய்த்ததும் மொட்டைத் தலை பளபளவென்று வந்தது. கடையில் கொடுத்தால் வெற்றிலை தருவான் என்று கன்னியம்மா சொன்னாள். அப்போது காலணா செல்லுகிற காலம்தான்.

“ராசாவப் போயி வெத்தலைக்கு விப்பியா? குந்து இப்படி” என்று அவளை உட்கார வைத்து, குங்குமத்தில் காசைத் தோய்த்து, பிள்ளைகள் சுவரில் சாணி தட்டுவதைப் போல அவள் நெற்றியில் பட்டென்று ஒட்டினான். அப்புறம் வாசற்படி வரைக்கும் பின்னாலேயே நடந்து போய் அங்கிருந்து பார்த்தான். முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

“அட, இங்கேந்தே தெரியுதே!”

அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இத்தனை நாளும் அவள் அடுப்படியில் இருந்து சிரித்ததெல்லாம் அவனுக்குப் போய்ச் சேரவே இல்லை. பாவம், பெண்டாட்டியின் முகத்தை அவன் பக்கத்தில் இருந்தபோது மட்டும்தான் பார்த்திருக்கிறான். மறுநாளிலிருந்து அவளே காசை எடுத்துப் பொட்டு வைக்க ஆரம்பித்தாள்.

அதன் பலன் அடுத்த தை அமாவாசைக்குத் தெரிந்தது. இருவரும் திருவள்ளூருக்குப் போயிருந்தார்கள். வயிற்றில் ஒன்று தங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு குளத்தில் வெல்லம் கரைக்கப் போன கூட்டத்தில், வீரராகவப் பெருமாளே நேரில் வந்தாலும் வழி கிடைத்திருக்காது. நெரிசலில் இருவருக்கும் கை விட்டுப் போய்விட்டது. கன்னியம்மா ஒரு படியில் நின்று அழவே ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தோளில் கை விழுந்தது. அவன்தான். என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, “நான் எங்க தேடினேன்? செவப்பா ஒண்ணு தெரிஞ்சுது, வந்துட்டேன்” என்றான்.

வயிற்றில் எதுவும் தங்கவில்லை. ஆனாலும் அவனோடு வாழ்ந்த ஏழு வருஷமும் அவள் குறையாக நினைத்ததில்லை.

அறுபத்திரண்டில் ஒரு மேஸ்திரி வந்தான். ஒரிஸ்ஸா பக்கம் மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிறார்கள், மண் வேலைக்கு ஆள் வேண்டும் என்றான். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது, ஊரில் வேலை இல்லை. நாலைந்து பேராகக் கிளம்பினார்கள். வழியனுப்பப் போன கன்னியம்மாவை சின்னராசு பிளாட்பாரத்தின் வடக்குக் கோடிக்கு, வேலியோரம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினான்.

“திரும்பி வரச்சொல்ல நீ இங்கயே நில்லு. பொட்ட மட்டும் சின்னதாக்கிடாத. நான் கண்டுக்கினு வந்துடுவேன்.”

“இன்னாத்துக்கு ஆக்கறேன்? நீ மொதல்ல வந்து சேரு.”

வண்டி நகர்ந்ததும் ஜன்னலில் அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. வண்டி வளைவில் மறைகிற வரை அவனுக்குத் தான் தெரிந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவன் வரவில்லை.

கூடப் போனவர்களில் ஒருவன் இரண்டு பொங்கல் கழித்துத் திரும்பினான். ‘அந்த வேலை முடிஞ்சதும் வேற மேஸ்திரி கூட வேற எங்கியோ போய்ட்டாம்மா’ என்றான். எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. சின்னராசுவைப் பற்றி ஊருக்குக் கிடைத்த கடைசித் தகவல் அவ்வளவுதான். செத்தான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவன் ஊரில் இருக்கும்போதே அணாக் கணக்கு போய்ப் புதுக்காசு வந்திருந்தது. கொஞ்ச காலம் இரண்டும் புழங்கின. பிறகு பழைய காசை எந்தக் கடைக்காரனும் வாங்குவதில்லை என்று ஆனது. ஆரம்பாக்கத்தில் அந்த ஒரு காலணா மட்டும் தினமும் செல்லிக்கொண்டிருந்தது.

தனியாக இருக்கிற பெண்ணைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசும் என்பார்கள். கன்னியம்மாவைப் பற்றி ஊர் எதுவும் பேசவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாகப் போயிற்று. ஒரு வீட்டில் வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா என்று அந்த வீட்டுக்காரர்களுக்குக் கை பிசையும். சுமங்கலி என்று தாம்பூலத்தை முதலில் கொடுத்தால், அவன் உண்மையில் செத்திருந்தால் என்ன ஆவது? கொடுக்காமல் விட்டால், அவன் உயிரோடு இருந்தால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? இந்தச் சங்கடத்தை அவர்களுக்கு ஏன் வைப்பது என்று அவளே போவதை நிறுத்திக்கொண்டாள். நல்ல நாளில் எல்லோர் வீட்டிலும் மேளம் கேட்கும்போது அவள் தன் வீட்டில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பாள். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது போல அலுப்பான வேலை உலகத்தில் வேறு கிடையாது. பானை கொதிக்கும்போதே பசி போய்விடும்.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியதும் நடவுக்குப் போனவர்களில் பாதிப் பேர் அங்கே போனார்கள். கன்னியம்மாவுக்கு ஒரு இரும்பு உருக்கும் கம்பெனி கேன்டீனில் அரிசி களைந்து பாத்திரம் துலக்குகிற வேலை கிடைத்தது. காலையில் பாசஞ்சர் வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். வண்டியில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பொட்டம்மா இடம். டிக்கெட் பரிசோதகர் அவளிடம் பாஸ் கேட்டதே இல்லை. அந்த நெற்றியே பாஸ்.

கேன்டீனில் அவளுக்குக் கூட்டு ஞானம்மா. எளாவூர்க்காரி, கிறிஸ்தவள், புருஷனைக் காலராவில் பறிகொடுத்தவள். கன்னியம்மா மனம் விட்டுப் பேசியது அவளிடம் மட்டும்தான்.

“எங்களுக்கு வெச்சுக்கறதும் இல்ல, அழிச்சுக்கறதும் இல்ல. பேஜாரே கெடயாது” என்பாள் ஞானம்மா, அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டே. “உனக்கு மட்டும் இன்னாடி, டெய்லி நெத்தியில சீல் குத்திக்கினு வர?”

“அந்த ஆளுக்குக் கண்ணு தெரியாதுடி. நான் மாறிட்டா எப்படிக் கண்டுபுடிப்பாரு?”

“அதான் தலை நரைச்சிப் போச்சே. அது மாறினது இல்லியா?”

“தலை அவருக்கு அப்பவே தெரியாது” என்பாள் கன்னியம்மா. இருவரும் சிரிப்பார்கள். ஞானம்மா மட்டும் சிரித்து முடித்ததும் மறுபடி அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொள்வாள்.

சாயங்காலம் ஆரம்பாக்கத்தில் இறங்கினால் கன்னியம்மா நேரே வீட்டுக்குப் போவதில்லை. வடக்கேயிருந்து கூடூர் பாசஞ்சர் வருகிற நேரம் அது. வடக்குக் கோடிக்குப் போய், தலை முந்தானையை ஒதுக்கி, நெற்றி நன்றாகத் தெரியும்படி வேலியோரம் நிற்பாள். இறங்குகிறவர்கள் இறங்கி, வெளியே போகிறவர்கள் போய், பிளாட்பாரம் காலியாகும் வரை அசையாமல் நிற்பாள். யாரும் தோளில் கை போடவில்லை என்றால் வீட்டுக்குப் போவாள்.

சின்னராசுவின் தம்பி கோபால் அடுத்த தெருவில்தான் இருந்தான். கெட்டவன் இல்லை. அண்ணிக்குக் கூரை மாற்றிக் கொடுப்பவன், காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்புபவன். எழுபத்து நாலில் அவன் மகள் முத்தம்மாவுக்குக் கலியாணம் கூடி வந்தது. அப்போது அவனை ஊர்க்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அண்ணனுக்குக் காரியம் பண்ணாமல் வீட்டில் நல்லது நடத்தலாமா, பன்னிரண்டு வருஷம் ஆனால் ஆளை இல்லை என்று வைத்துக் காரியம் செய்வதுதானே வழக்கம் என்று ஆளுக்கொரு பக்கம் பிடுங்கினார்கள். அவன் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

“கோச்சுக்காத அண்ணி. வைக்கோல்ல ஒரு பொம்ம கட்டி, அண்ணன் பேரச் சொல்லி எடுத்துடலாம்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் நீயும் இப்படி டெய்லி டேசன்ல போயி நிக்க வேணாம்.”

“எடுத்துட்டா எனுக்குப் பொட்டு இல்ல. அவ்ளோதான?”

“அது... ஆமா.”

“அதுக்கப்புறம் உங்க அண்ணன் வந்து எறங்கி, என்னத் தெரியாம, ஊட்டுக்கு வழி தெரியாம அங்கயே நின்னுக்கினு இருந்தார்னா நீ பதில் சொல்லுவியா?”

கோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவும் இல்லை, கலியாணத்துக்கு நாள் குறிக்கவும் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கன்னியம்மா வண்டியை விட்டு இறங்கியபோது, அவள் நிற்கிற வடக்குக் கோடியில் கூட்டமாக இருந்தது. புங்க மரத்தடியில் யாரோ கிடந்தார்கள். “பொட்டம்மா வருது, வழி உடுங்க” என்று யாரோ சொன்னார்கள். வழி விட்டார்கள். அந்த வழியின் முடிவில் கோபால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

மத்தியானம் வடக்கேயிருந்து வந்த வண்டியில் ஒரு ஆள் காய்ச்சலோடு இறங்கியிருக்கிறான். மரத்தடியில் போய்ச் சாய்ந்தவன் அப்படியே அடங்கிவிட்டான். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூட்டையில் ஒரு வேட்டியும் அலுமினியத் தட்டும் காம்பு இல்லாத ஒரு மண்வெட்டியும் இருந்தன. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. ஆரம்பாக்கத்தில் சொந்தக்காரர் இல்லாத ஒருவன் எதற்காக இங்கே இறங்க வேண்டும் என்று கூட்டம் பேசிப் பேசி, அது சின்னராசுதான் என்று முக்கால் முடிவுக்கு வந்திருந்தது.

“அண்ணன் மாதிரிதான் கீது அண்ணி” என்றான் கோபால். “கால் கட்டவெரலப் பாரு. கடப்பாற உழுந்து நசுங்கினது. அண்ணனுக்கும் அதே எடது கால்தான?”

“வலது காலுன்னு இல்ல ஞாபகம்?” என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர்.

இடதா வலதா என்று எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அந்த விரலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டவளே அவள்தான். ஆனாலும் எந்தக் கால் என்று தெரியவில்லை.

குனிந்து முகத்தைப் பார்த்தாள். வெயிலில் கருத்துச் சுருங்கிய முகம், நரைத்த தாடி. பன்னிரண்டு வருஷத்தில் யார் முகமும் இப்படித்தான் ஆகும். அதனால் என்ன, பழைய முகத்தை இதன் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். சின்னராசுவின் முகத்தை மனதுக்குள் தேடினாள்.

அது அங்கே இல்லை.

குரல் இருந்தது. ‘இங்கேந்தே தெரியுதே’ என்றது அப்படியே காதில் கேட்டது. தோளில் விழுந்த கையின் கனம் இருந்தது. ஈர மண் வாசனை இருந்தது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற பார்வை இருந்தது. ஆனால் செத்தவனிடம் குரலும் இல்லை, பார்வையும் இல்லை. மூக்கு எப்படி, தாடை எப்படி, பல் வரிசை எப்படி என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. ஒரு போட்டோ எடுத்து வைக்கவும் அவர்களுக்கு வாய்த்ததில்லை.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. அவன் தன்னைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இத்தனை வருஷமும் நின்றாள். நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாளே தவிர, இறங்கியவர்களின் முகத்தை அவள் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய வேலை அவனுடையது என்று விட்டுவிட்டாள். தினமும் பொட்டைத் துலக்கி வைத்தவள், அவன் முகம் தேய்ந்து போனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டாள். எத்தனை சாயங்காலம் எத்தனை பேர் அவளைத் தாண்டிப் போனார்கள்! அதில் அவனும் ஒருவனோ? பார்வை முழுக்கவே போன ஒருவனாக இறங்கித் தடவித் தடவித் தாண்டிப் போயிருந்தால்?

ரயில்வே போலீஸ்காரர் நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பாத்துச் சொல்லும்மா. கட்டாயம் ஒண்ணும் இல்ல. உங்க ஆளு இல்லேன்னா அநாதப் பொணம்னு எழுதிட்டு நாங்களே எடுத்துடுவோம்.”

அந்த வார்த்தை அவளைச் சுட்டது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் பொட்டு நிற்கும், நாளைக்கும் வந்து இதே இடத்தில் நிற்கலாம். ஆமாம் என்றால் எல்லாம் போயிற்று. தெரியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் தெரியவில்லை என்றாலும் அவனை அநாதை என்றுதான் எழுதுவார்கள். எந்த ஊர் மரத்தடியில் சின்னராசு இப்படிக் கிடந்தானோ, எந்தப் போலீஸ்காரர் எவளிடம் கேட்டாரோ, அவள் இல்லை என்று தலையாட்டினாளோ என்று நினைத்தாள்.

கன்னியம்மா அந்த ஆளின் நெற்றியில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

“எங்க ஊட்டுக்காருதான்” என்றாள்.

கோபால் வாய்விட்டு அழுதான்.

மறுநாள் காலையில் எடுத்தார்கள். ஊரே வந்திருந்தது. பன்னிரண்டு வருஷமாக எந்த வீட்டு நல்லதுக்கும் போகாதவளின் வீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் முதலான பெண்கள் கன்னியம்மாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கை நிறைய வளையல் அடுக்கி, தலை நிறையப் பூ வைத்தார்கள். கடைசி அலங்காரம். அஞ்சம்மாள் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

“நானே வெச்சுக்கறேன் அஞ்சம்மா.”

டப்பாவைத் திறந்து காசை எடுத்தாள். ராஜாவுக்கு இப்போது கண் இல்லை, மூக்கு இல்லை. மொட்டைத் தலையின் மேடு மட்டும் மழமழவென்று இருந்தது. எண்ணெய் தடவிக் குங்குமத்தில் ஒற்றி நெற்றியில் அழுத்தினாள். ஒரு மூச்சு நேரம் என்பது அன்றைக்குக் கொஞ்சம் நீண்டுவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பாடையில் வைத்த பிறகு நெற்றிக் காசு வைக்க வேண்டும். செத்தவர் நெற்றியில் வைக்கிற அந்தக் காசு அப்புறம் வெட்டியானுக்குச் சேரும். கோபால் மடியிலிருந்து ஒரு புது ரூபாயை எடுத்தான்.

“இருய்யா” என்றாள் கன்னியம்மா. “இத வைக்கறேன்.”

கையிலிருந்த காலணாவைத் துடைக்காமல் அப்படியே அந்த ஆளின் நெற்றியில் வைத்தாள். தூக்கும்போது காசு சற்று நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் அவள் நெற்றியில் இருந்ததைப் போலவே ஒரு சிவப்பு வட்டம் இருந்தது. பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனை வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தாம் நாள் அந்தப் பொட்டை அழித்தார்கள், வளையலை உடைத்தார்கள். அவள் அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்று அவளுக்கே தெரியாமல் அழுதாள். அப்படி அழுவதைப் போலக் கொடுமை வேறில்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வெட்டியான் அரிசி வாங்க வந்தான்.

“நெத்திக் காசு செல்லாத காசா வெச்சிட்டியே தாயி” என்றான். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னான்.

“எங்க அது?”

“மண்ணோட தள்ளி மூடிட்டேன். அத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

கோபால் அவனுக்கு ரூபாயைக் கொடுத்து அனுப்பினான். முத்தம்மாவின் கலியாணத்துக்கும் நாள் குறித்தான்.

கன்னியம்மா மறுபடி வேலைக்குக் கிளம்பினாள். பிளாட்பாரத்தில் வேர்க்கடலைக்காரன் அவளைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். வண்டியில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். எழுந்திருக்கவில்லை. டிக்கெட் பரிசோதகர் முதல் தடவையாக அவளிடம் கையை நீட்டி, “பாஸ் எங்கம்மா?” என்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். எளாவூரில் ஏறிய ஞானம்மாவும் பெட்டி முழுக்கக் கண்ணால் துழாவிவிட்டு அவளைப் பார்க்காமலே திரும்பினாள்.

“அடியே, நான் இங்கதான் கீறேன்.”

ஞானம்மா வந்து பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கும்மிடிப்பூண்டியை நெருங்கும்போது காதோடு கேட்டாள்.

“நெஜமா அவருதானாடி?”

“தெரியல ஞானம்மா.”

“பின்ன ஏன்டி சொன்ன?”

“யாராவது ஒருத்தி சொல்லணும் இல்ல.”

ஞானம்மா அந்தக் கையை விடவில்லை.

சாயங்காலம் கன்னியம்மா ஆரம்பாக்கத்தில் இறங்கினாள். வீட்டுக்குப் போகத்தான் நினைத்தாள். இனி இங்கே நிற்பதற்கு அவளுக்கு எந்த உரிமையும் இல்லை. ஊருக்கு முன்னால் அவளே வாயால் சொல்லி, அவளே காசு வைத்து அனுப்பியாயிற்று. ஆனாலும் கால் வடக்குக் கோடிக்குத்தான் போயிற்று. புங்க மரத்தடியில் தரை வெறுமையாகக் கிடந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தானையை ஒதுக்கக் கை தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கூடூர் பாசஞ்சர் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். இனி அவன் வந்தால் அவளைக் கண்டுகொள்ள மாட்டான். அவனுக்குத் தெரியும்படியாக அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை. பார்க்கிற வேலை இப்போது அவளுடையது ஆகிவிட்டது.

கன்னியம்மா பார்த்தாள். மூட்டை தூக்கியவனை, தடி ஊன்றியவனை, பிள்ளையைத் தோளில் போட்டவனை, தலைப்பாகைக் கிழவனை, ஒவ்வொருவர் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள். யாராவது கண்ணைச் சுருக்குகிறார்களா என்று பார்த்தாள். முகம் மறந்துபோன ஒருவனை முகத்தை வைத்தே தேடுவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள்.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் காலியாயிற்று. புதிதாக வந்திருந்த போர்ட்டர் ஒருவன் கொடியைச் சுருட்டிக்கொண்டே அவளருகில் வந்தான். அந்த ஸ்டேஷனில் அவளைத் தெரியாத ஒரே ஆள்.

“வண்டி பூட்சிம்மா. யாருக்கோசரம் நிக்கிறே?”

“எங்க ஊட்டுக்காரு வரணும்” என்றாள் கன்னியம்மா.

போர்ட்டர் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தான். பிறகு விளக்கேற்றப் போனான்.